நோயாளிகள் நிறைந்தும் வருவாய் குறைந்த மருத்துவமனைகள்

பெருந்தொற்றுக் காலத்தில் மருத்துவமனைகளில் கூட்டம் பெருகும், கூட்டம் பெருகினால் வருவாயும் பெருகும் என்று கருதுவது இயல்பே. ஆனால் கொரோனா பரவத் தொடங்கிய 2020-ஆம் ஆண்டில், உலகிலேயே மருத்துவத்துக்கு மிக அதிகமாகச் செலவிடும் நாடான அமெரிக்காவில் நடந்தது இதற்கு நேர்மாறானது. அவ்வாண்டு மார்ச் முதல் ஜூன் வரையிலான நான்கே மாதங்களில் இழப்பு 20,260 கோடி டாலரை எட்டும் என்று அமெரிக்க மருத்துவமனைகள் சங்கம் மதிப்பிட்டது.

இதன் காரணம் நோய்க்கிருமியில் இல்லை. மருத்துவமனைக்குப் பணம் வரும் வழியில் இருக்கிறது. அங்குள்ள மருத்துவமனைகளில் பெரும்பாலானவை செய்யும் சிகிச்சைகளின் எண்ணிக்கைக்கேற்பவே வருவாய் பெறுகின்றன. அவற்றுள் நிறைந்த லாபம் தருவன மூட்டு மாற்று, முதுகுத்தண்டு அறுவை போன்று முன்கூட்டியே நாள் குறித்துச் செய்யப்படும் சிகிச்சைகளாகும். தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் இவற்றுக்குத் தாராளமாகவே பணம் தருகின்றன. மாறாக, நுரையீரல் அழற்சியோடு வாரக்கணக்கில் படுத்திருக்கும் முதியவருக்காக, 65 வயதைக் கடந்தோருக்கான அரசுக் காப்பீடாகிய மெடிகேர், நோயின் வகையைப் பொறுத்து ஒரு சேர்க்கைக்கு இவ்வளவு என்று முன்பே வரையறுத்த தொகையையே பெரும்பாலும் தருவதால், அவர் தங்கும் நாட்கள் நீள நீள மருத்துவமனையின் கைப்பணம் கரைகிறது. கொரோனா நோயாளிகளுக்கு அத்தொகை 20 விழுக்காடு உயர்த்தப்பட்டும் இழந்த வருவாய்க்கு அது ஈடாகவில்லை.

மார்ச் 18 அன்று, அவசரமற்ற அறுவை சிகிச்சைகளைத் தள்ளிவைக்குமாறு மெடிகேரை நிர்வகிக்கும் மத்திய அமைப்பு அறிவுறுத்தியது. தொற்றைத் தடுக்கவும் முகக்கவசங்களை மிச்சப்படுத்தவும் எடுக்கப்பட்ட, மருத்துவ நோக்கில் முற்றிலும் சரியான முடிவு அது. நியூயார்க்கில் அறுவை அரங்குகளே தீவிர சிகிச்சைப் பிரிவுகளாயின. மயக்க மருந்து செலுத்தும் இயந்திரங்கள் செயற்கை சுவாசக் கருவிகளாகப் பயன்பட்டன. எந்த அறை மருத்துவமனைக்குச் சம்பாதித்துக் கொடுத்ததோ, அதே அறை செலவு பெருகும் இடமாக மாறியது. அச்சத்தால் மக்களும் வரவில்லை: மார்ச் இறுதி முதல் ஏப்ரல் இறுதி வரையிலான நான்கு வாரங்களில் அவசரப் பிரிவுகளுக்கு வந்தோர் எண்ணிக்கை முந்தைய ஆண்டைவிட 42 விழுக்காடு குறைந்தது. மாரடைப்பு வந்தும் வீட்டிலேயே இருந்துவிட்டவர்களும் அந்தக் கணக்கில் அடக்கம் என்பது பணத்தைவிடப் பெரிய துயரம்.

நோயாளி வந்தாலும் வராவிட்டாலும் குறையாத கட்டடம், கருவி, ஊதியம் ஆகியவற்றின் செலவு, பொருளியலில் நிலைச்செலவு எனப்படும். மருத்துவமனையின் செலவில் பெரும்பகுதி இதுவே என்பதால், வருவாய் சரிந்தவுடன் நிர்வாகங்கள் ஊதியத்தில் கைவைத்தன. மருத்துவப் பணியாளர்களை மக்கள் கைதட்டி வாழ்த்திய அதே ஏப்ரல் மாதத்தில், அமெரிக்க மருத்துவத் துறையில் 14 லட்சம் வேலைகள் மறைந்தன. அவற்றுள் 1,35,000 மருத்துவமனை வேலைகள்.

மார்ச் 27 அன்று கையெழுத்தான நிவாரணச் சட்டம் ஒதுக்கிய 10,000 கோடி டாலர், பின்னர் 17,800 கோடியாக உயர்ந்தது. எனினும் முதல் தவணைகள் தேவையின் அடிப்படையில் அல்லாமல், பழைய மெடிகேர் வரவையும் மொத்த வருவாயையும் அளவுகோலாகக் கொண்டே பகிரப்பட்டன. விரைவாகப் பணம் சேர அது உதவியது உண்மையே. ஆனால் ஏற்கெனவே செழித்திருந்தவை மிகுதியாகப் பெற்றன, ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்தவை குறைவாகப் பெற்றன. பெரும் தனியார் குழுமமான எச்.சி.ஏ., நிவாரணமாகவும் முன்பணமாகவும் பெற்றதில் சுமார் 600 கோடி டாலரைத் திருப்பித் தருவதாக அக்டோபரில் அறிவித்ததே, பகிர்ந்த முறை பிழைபட்டது என்பதற்குச் சான்று.

மேரிலாந்து மாநிலத்தின் நிலை வேறு. அங்கு 2014 முதல் ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஆண்டு வருவாய் முன்கூட்டியே வரையறுக்கப்படுகிறது. நோயாளிகள் குறைந்தால், அந்த வரம்பை எட்டும் பொருட்டு, ஒழுங்குமுறை ஆணையம் அனுமதிக்கும் அளவுக்குக் கட்டணத்தை உயர்த்திக்கொள்ளலாம். தீயணைப்பு நிலையத்துக்கு அணைத்த தீயின் எண்ணிக்கைப்படி பணம் தருவதில்லை. மருத்துவமனைக்கும் அவ்வாறே என்பதுதான் இம்முறையின் அடிப்படை. அறுவை அரங்குகள் மூடியபோது அம்மாநில மருத்துவமனைகளைத் தாங்கிப் பிடித்ததும் அதுவே. அமெரிக்காவின் பிற மாநிலங்களில் பெரும்பாலானவற்றில் மருத்துவமனையின் வருவாய் இன்றும் சிகிச்சைகளின் எண்ணிக்கையையே நம்பியிருக்கிறது.