காங்கோவுக்கு வந்த சுதந்திரம்

அன்னாசியைப் பெயரிலேயே வைத்திருக்கும் ஊர் நம் பெக்கான் நானாஸ். அந்த அன்னாசி தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. ஊரைச் சுற்றிக் குலை தள்ளி நிற்கிறதே செம்பனை, அது எந்த நாட்டு மரம் தெரியுமா? மேற்கு ஆப்பிரிக்காவும் காங்கோவுமே அதற்குத் தாய்வீடு. 1848-இல் ஜாவாவின் போகோர் தோட்டத்துக்கு நாலே நாலு கன்றுகள் வந்தன. அந்த வம்சத்து மரங்களைத்தான் 1917-இல் சிலாங்கூர் தென்னமரம் தோட்டத்தில், நம் நாட்டில் முதன்முதலாக வியாபாரத்துக்கென்று நட்டார்கள்.

மரத்தைக் கொடுத்த அந்தக் காங்கோ மக்களின் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

1885-இல் பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்ட் காங்கோவைத் தம் சொந்தச் சொத்தாக்கிக் கொண்டார். அங்கே காட்டுக் கொடிகளிலிருந்து கித்தா எடுத்தார்கள். ஊருக்கு இத்தனை எடை என்று கணக்கு. எடை குறைந்தால் சவுக்கடி. பெண்களைப் பிணையாகப் பிடித்து அடைத்தார்கள். கையையும் வெட்டினார்கள். நம் பாட்டன்மாரும் பெரட்டுக் களத்தில் ஏச்சும் அடியும் பட்டவர்கள்தாம். ஆனால் பால் குறைந்தது என்று கையை இழந்ததில்லை. உலகமே காறித் துப்பிய பிறகு, 1908-இல் பெல்ஜிய அரசாங்கம் நாட்டை மன்னரிடமிருந்து வாங்கிக் கொண்டது. 1911-இல் சன்லைட் சோப்புக்காரர் லீவர் பனை எண்ணெய் தேடி வந்தார். ஆள் பிடித்து வேலை வாங்குவது மட்டும் நிற்கவில்லை.

மலாயா 1957 ஆகஸ்டு 31-இல் விடுதலை பெற்றது. காங்கோ பெற்றது 1960 ஜூன் 30-இல். அன்று நாடு முழுவதிலும் பட்டதாரிகள் முப்பது பேர்கூட இல்லை. படையில் ஒரு கறுப்பின அதிகாரிகூட இல்லை. பெல்ஜியம் அப்படித்தான் வைத்திருந்தது. பிரதமர் பத்ரிஸ் லுமும்பாவே தபால் கந்தோரில் கிராணியாக இருந்தவர்தான்.

ஐந்தாம் நாள் சிப்பாய்கள் கலகம் செய்தார்கள். ஜூலை 11-இல் கதாங்கா மாநிலம் தனிநாடு என்று பிரிந்தது. ஏன் கதாங்கா? செம்பும் கோபால்ட்டும் அந்த மண்ணில்தான் இருந்தன. ஹிரோஷிமாவில் விழுந்த குண்டுக்கு வேண்டிய யுரேனியத்தில் பெரும்பகுதி அங்கே தோண்டியதுதான். பிரிந்து போன ஷோம்பேக்குப் பெல்ஜியச் சுரங்கக் கம்பெனி பணம் கொடுத்தது. பெல்ஜிய அதிகாரிகள் துணை நின்றார்கள்.

லுமும்பா ஐ.நா. சபையைக் கூப்பிட்டார். படை வந்தது, ஆனால் கதாங்காவை அடக்க அது கை கொடுக்கவில்லை. பிறகுதான் அவர் ரஷ்யாவிடம் விமானமும் லாரியும் கேட்டு வாங்கினார். வீடு பற்றி எரியும்போது எவன் வாளி கொண்டுவந்தாலும் வாங்கத்தானே செய்வோம்? அவர்மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அமெரிக்காவுக்கோ அதுவே போதுமானதாக இருந்தது. அவரைக் கொல்ல அதன் உளவு நிலையம் விஷம் அனுப்பியது. 1975-இல் அமெரிக்க செனட் விசாரணையிலேயே இது வெளிவந்தது. அந்த விஷத்துக்கு வேலை வரவில்லை. செப்டம்பரில் படைத் தலைவர் மொபுட்டு ஆட்சியைப் பிடித்தார்.

நம் நாட்டுப் படையும் அங்கே போனது தெரியுமா? 1960 ஜூலை 31-இல்தான் இங்கே அவசரகாலம் முடிந்தது. கம்யூனிஸ்டுகளைத் தேடிக் காட்டில் அலைந்த மலாயா வீரர்கள் அக்டோபரிலேயே ஐ.நா. படையாகக் காங்கோவில் இறங்கினார்கள். 1963 வரை இருந்தார்கள். இந்தியப் படையும் போனது. 1961 டிசம்பர் 5-இல் கதாங்காத் தலைநகர் எலிசபெத்வில்லில் கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியா போரில் மாண்டார். பரம வீர சக்கரம் பெற்றார்.

ஆனால் லுமும்பாவை யாரும் காப்பாற்றவில்லை. சிறைப்பட்ட அவரை விமானத்தில் கதாங்காவுக்கே கொண்டுபோய்ப் பகைவர் கையில் கொடுத்தார்கள். 1961 ஜனவரி 17 இரவு, கூட இருந்த இருவரோடு சுட்டுக் கொன்றார்கள். அவருக்கு வயது 35. கதாங்கா 1963-இல் மீண்டும் காங்கோவோடு சேர்ந்தது. 1965-இல் முழு அதிகாரத்தையும் எடுத்துக்கொண்ட மொபுட்டு, அமெரிக்காவின் நண்பராக 1997 வரை ஆண்டு, நாட்டைச் சுரண்டிக் கொழுத்தார்.

இங்கேயும் கொடி மாறிய அன்றே தோட்டம் கை மாறிவிடவில்லை. கத்ரி கம்பெனியை மலேசியா வாங்கியது 1981-இல்தான். கதாங்கா மண்ணின் கோபால்ட் இன்று நம் கைத்தொலைபேசி பேட்டரிக்குள் இருக்கிறது.

லுமும்பாவுக்குக் கல்லறை கட்ட உடல் இல்லை. புதைத்ததைத் தோண்டி எடுத்து அமிலத்தில் கரைத்துவிட்டார்கள். அந்த வேலையைச் செய்த பெல்ஜியப் போலீஸ் அதிகாரி ஒருவர் பல் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டார். 2022 ஜூனில் பெல்ஜியம் அந்தப் பல்லை அவருடைய பிள்ளைகளிடம் கொடுத்தது. சவப்பெட்டியில் வைத்து, ஊர் ஊராகக் கொண்டுபோய், காங்கோ மக்கள் அதை அடக்கம் செய்தார்கள்.