கடிதம் வந்த பிறகு என்ன செய்வது?

தங்கச்சியின் வீட்டுக் காப்புறுதியை இனிப் புதுப்பிப்பதில்லை என்று கடிதம் வந்தபோது, கூரை போட்ட ஓடாவிக்குக் கொடுக்க வேண்டிய கடைசிக் காசுகூடக் கொடுத்து முடியவில்லை. ஆங்கிலத்தில் நாலு வரி. பத்திரம் பங்குனி மாதத்தோடு முடிகிறது, அடுத்த ஆண்டுக்கு எடுக்க இயலாததற்கு வருந்துகிறோம், இதுவரை தந்த ஆதரவுக்கு நன்றி. காரணம் என்று ஒரு சொல்லும் இல்லை.

"அண்ணா, கட்டின காசுக்குத்தானே கேட்டன். நான் என்ன குற்றம் செய்தன்?" என்றாள். பாடசாலையில் பிள்ளைகளின் வழக்கையெல்லாம் தீர்த்து வைக்கிற ரீச்சர் அவள். இந்தத் தீர்ப்பு மட்டும் அவளுக்கு விளங்கவில்லை.

நான் வங்கியில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். கடைசிக் காலம் முழுவதும் வீட்டுக்கடன் பகுதியில் இருந்தேன். மட்டக்களப்பில் வீட்டுக்குக் காப்புறுதி வைத்திருப்பவர்களில் பெரும்பாலானோர் ஆசைப்பட்டு வைத்தவர்கள் அல்லர். வீட்டு உறுதியை ஈடு வைத்துக் கடன் எடுக்கும்போது வங்கி கேட்கும், அதனால் வைப்பார்கள். கடன் முடிந்த அடுத்த வருடம் பத்திரமும் முடிந்துவிடும். ஆகவே புயலுக்குப் பிறகு இப்படிக் கடிதம் வருகிற வீடுகள் எங்கள் பக்கம் கொஞ்சம்தான். வந்தவர்கள் ஒவ்வொருவரும் தங்களுக்கு மட்டும்தான் இது நடந்ததாக நினைத்து, வெளியில் சொல்லாமல் இருக்கிறார்கள்.

தங்கச்சியின் வீடு நாவற்குடாவில், வாவிப் பக்கம். 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல் நாடு முழுவதும் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. மலைநாட்டு மண்சரிவுகளோடு ஒப்பிட்டால் எங்கள் வீட்டுச் சேதம் வாயெடுத்துச் சொல்லக்கூடியதல்ல. பின்பக்கக் கூரைச் சீற் கழன்று போனது, தென்னை ஒன்று குசினிச் சுவரில் சாய்ந்தது, மழை உள்ளே இறங்கி சீலிங்கும் வயரிங்கும் போயின. ஒன்பது இலட்சம் ரூபாய் கணக்கு வந்தது. கம்பனி கொடுத்தது நாலு இலட்சத்து ஐயாயிரம்.

அந்தக் குறைவுக்கான கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன், பலர் இதிலேதான் மனமுடைந்து போகிறார்கள். கடன் எடுத்த ஆண்டில் வீட்டின் பெறுமதி 60 இலட்சம் என்று போடப்பட்டது. 2022 இல் ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை தாவியபோது சீமெந்தும் கம்பியும் சீற்றும் அதோடு சேர்ந்து ஏறின. இன்றைக்கு அதே வீட்டைக் கட்ட ஒரு கோடி இருபது இலட்சம் வேண்டும். பாதிப் பெறுமதிக்குத்தான் காப்புறுதி என்றால் எந்தச் சேதத்திலும் பாதிதான் தருவார்கள். ஒன்பதில் பாதி நாலரை. அதில் 10 வீதம் வீட்டுக்காரர் தாங்க வேண்டிய கழிவு. மிச்சம்தான் அந்தத் தொகை. இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, பத்திரத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் எல்லாம் இருந்தது.

அப்படிப் பாதியைக் கொடுத்துவிட்டு, ஏன் உறவையே முறித்தார்கள்?

வீட்டுக் காப்புறுதி ஒரு வருட ஒப்பந்தம். வருடம் முடிந்தால் இரண்டு பக்கமும் விடுதலை. நாங்கள் வேறு கம்பனிக்குப் போகலாம் என்பதுபோல் அவர்களும் வேண்டாம் என்று சொல்லலாம். ஆயுள் காப்புறுதியோடு பழகிய எங்கள் சனத்துக்கு இது புதிதாக இருக்கும். அங்கே தவணை தவறாமல் கட்டினால் கம்பனி உங்களைக் கைவிட முடியாது, வீட்டுக் காப்புறுதியில் அந்தப் பிடிமானம் இல்லை.

எங்கள் நாட்டுக் கம்பனிகள் பெரிய அனர்த்தங்களின் பாரத்தைத் தாங்களே சுமப்பதும் இல்லை. மியூனிக், சூரிக், லண்டன் போன்ற இடங்களில் இருக்கிற மீள்காப்புறுதிக் கம்பனிகளிடம் ஒரு பகுதியை ஒப்படைக்கிறார்கள். உலகத்தில் அந்த ஒப்பந்தங்கள் பெரும்பாலும் புதுப்பிக்கப்படுவது ஜனவரி முதலாம் திகதி. எங்கள் புயல் காலமோ நவம்பரும் டிசம்பரும். இழப்புக் கணக்கு சூடாக இருக்கிற நேரத்திலேயே பேரம் நடக்கிறது. அங்கே நிபந்தனை இறுகினால், இங்கே கொழும்பில் ஒருவர் கணினியில் முகவரிகளைப் பார்த்து, 'வாவிக்கரை, ஒருமுறை கிளைம் எடுத்தது' என்று குறித்துவிடுவார். தங்கச்சியின் குணமோ கட்டின காசோ அந்தப் பட்டியலில் வராது.

கிளைம் எழுதும் நாளிலேயே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. எங்கள் பகுதியில் தண்ணீர் இரண்டு வழியாக வரும். ஒன்று, காற்று கூரையைப் பிரித்து மழை உள்ளே இறங்குவது. மற்றது, படுவான்கரைப் பக்கம் உன்னிச்சை, உறுகாமம் குளங்கள் வான்பாய்ந்து, அந்தத் தண்ணீர் எல்லாம் வாவிக்குள் வந்து சேர, பாலமீன்மடு முகத்துவாரம் மண்மூடிக் கிடந்தால் வாவி பொங்கி வளவுக்குள் ஏறுவது. முகத்துவாரத்தை வெட்டச் சொல்லிக் கச்சேரிக்குச் சனம் போகிற கதை ஒவ்வொரு மாரியிலும் உண்டு. கம்பனியின் கண்ணில் இவை இரண்டும் ஒன்றல்ல. காற்று எந்த வீட்டுக்கும் வரும். வாவி வெள்ளமோ வந்த வீட்டுக்குத்தான் திரும்பவும் வரும். 'புயலால் தண்ணீர் வந்தது' என்று பொதுவாக எழுதிக் கொடுத்தால் அதை வெள்ளக் கணக்கில் போட்டுவிடுவார்கள், அந்த முத்திரை வீட்டு இலக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். எந்தச் சீற் கழன்றது, எந்த வழியால் மழை இறங்கியது, நிலத்தில் தண்ணீர் நின்றதா இல்லையா என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். பொய் எழுதச் சொல்லவில்லை, மதிப்பீட்டாளர் வந்து சுவரில் தண்ணீர் நின்ற கோட்டைப் பார்த்தால் பொய் அன்றைக்கே பிடிபடும்.

இனிக் கடிதம் வந்த பிறகு. தங்கச்சி முதலில் நினைத்தது வேறு கம்பனிக்குப் போய்ப் புதிதாக ஒரு பத்திரம் எடுத்துவிடலாம் என்று. எடுக்கலாம். ஆனால் எந்தக் கம்பனியின் விண்ணப்பப் படிவத்திலும் இரண்டு கேள்விகள் வரும். கடந்த வருடங்களில் இழப்பு ஏதும் நடந்ததா? வேறு கம்பனி ஏதும் உங்கள் காப்புறுதியை மறுத்ததா, இரத்துச் செய்ததா, புதுப்பிக்க மறுத்ததா? அதற்கு 'இல்லை' என்று போடச் சொல்லித் தரகர் ஒருவர் அவளுக்கு இரகசியமாக ஆலோசனை சொன்னாராம். அந்த 'இல்லை' இருந்தால் அடுத்த புயலில் பத்திரம் வெறும் கடதாசி. காப்புறுதிச் சட்டத்தின் அடிப்படையே, வீட்டுக்காரர் தனக்குத் தெரிந்த முக்கியமான விடயத்தை மறைக்கக்கூடாது என்பது. கட்டணம் வாங்கும்போது யாரும் கிண்டிப் பார்ப்பதில்லை, கிளைம் வரும்போதுதான் பழைய கோப்பைத் தேடுவார்கள்.

ஆகவே நாங்கள் செய்தது, பழைய கம்பனிக்கு எழுத்தில் ஒரு கடிதம். புதுப்பிக்க மறுத்த காரணம் என்ன, வீட்டில் என்ன திருத்தினால் திரும்ப எடுப்பீர்கள், கழிவைக் கூட்டினால் எடுப்பீர்களா. தொலைபேசியில் பேசுவதில் பிரயோசனமில்லை. பதில் வந்தது, இந்த முறை கொஞ்சம் நீளமாக. கூரையின் நிலையும் வீட்டைச் சுற்றி நிற்கிற மரங்களும்தான் காரணம் என்றார்கள். திரும்ப எடுக்க மாட்டோம் என்றும் சொன்னார்கள். அந்தப் பதில்தான் பிறகு எங்களுக்குக் கைகொடுத்தது. காரணம் எழுத்தில் இருந்தால் அடுத்த கம்பனியிடம் 'அது திருத்தியாகிவிட்டது' என்று காட்டலாம். காரணமில்லாத மறுப்புத்தான் எல்லாரையும் பயமுறுத்துவது.

ஓடாவி சீற்றைக் கொக்கி ஆணியால் இறுக்கியதையும், சிலாகை மாற்றியதையும், சாய்ந்து நின்ற மற்றத் தென்னையைத் தறித்ததையும் போட்டோ எடுத்தோம். பற்றுச்சீட்டுகள், மின்சாரம் திருத்தியவரின் கையெழுத்து, கிராம உத்தியோகத்தரின் சேத அறிக்கைப் பிரதி எல்லாம் ஒரு கோப்பில். அரசு வீடு துப்புரவாக்கத் தந்த 25,000 ரூபாய்க்காகக் கொடுத்த விபரங்களும் அதே கதையைச் சொல்ல வேண்டும், பிரதேச செயலகத்தில் ஒன்றும் காப்புறுதியில் வேறொன்றுமாக எழுதிவிட்டுப் பின்னால் மாட்டிக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வங்கியை மறந்துவிடாதீர்கள். பலர் அங்கேதான் ஒளிக்கப் பார்ப்பார்கள். பத்திரம் காலாவதியானது வங்கிக்குத் தெரியாமல் போகாது. தெரிந்தால், கடன் உடன்படிக்கையில் உள்ள உரிமைப்படி வங்கி தானே ஒரு காப்புறுதியை எடுத்து, காசை உங்கள் கணக்கில் கழிக்கலாம். அது வங்கியின் கடன் மிச்சத்தைக் காக்கத்தான். உங்கள் தளபாடத்துக்கோ நீங்கள் கட்டி முடித்த பங்குக்கோ அதில் இடம் இருக்காது, விலையும் கூட. கடிதம் வந்த கிழமையே முகாமையாளரிடம் போய், "சேர், இப்படி வந்திருக்கு, வேறு கம்பனி தேடுறம்" என்று சொல்லிவிடுவது நல்லது. வங்கிக்குப் பல கம்பனிகளோடு தொடர்பு உண்டு. தனி ஆளாகக் கதவைத் தட்டினால் திறக்காத கம்பனி, வங்கி அனுப்பினால் ஆள் அனுப்பி வீட்டைப் பார்க்கும்.

அப்படித்தான் ஒரு கம்பனி எடுத்தது. கட்டணம் முந்தியதை விட ஏறக்குறைய இரட்டிப்பு, புயல் வெள்ளத்துக்குக் கழிவு 20 வீதம். பெறுமதியை இந்த முறை ஒரு கோடி இருபது இலட்சத்துக்கே போட்டோம். நியாயமான விலையா? இல்லை. ஆனால் அந்த வீட்டுக்குக் கிடைத்தது அதுதான்.

புகார் செய்யலாமே என்று கேட்பீர்கள். இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு இருக்கிறது, காப்புறுதி ஒம்புட்ஸ்மனும் இருக்கிறார். தரவேண்டிய இழப்பீட்டைத் தராமல் இழுத்தடித்தாலோ அநியாயமாகக் குறைத்தாலோ அங்கே கட்டாயம் போங்கள். ஆனால் 'எடுக்க மாட்டோம்' என்ற கம்பனியை 'எடு' என்று யாரும் கட்டாயப்படுத்தியதை என் உத்தியோக காலத்தில் நான் பார்த்ததில்லை.

மற்ற நாடுகள் இதற்குச் சட்டம் போட்டிருக்கின்றன. கலிபோர்னியாவில் காட்டுத்தீக்கு அவசரநிலை அறிவித்தால், பாதிக்கப்பட்ட பகுதிகளில் ஒரு வருடத்துக்குக் கம்பனிகள் வீட்டுக் காப்புறுதியைப் புதுப்பிக்க மறுக்க முடியாது, 2018 இல் வந்த சட்டம். 1992 இல் அன்ட்ரூ புயல் அடித்துப் பல கம்பனிகள் முறிந்த புளோரிடாவில், யாரும் எடுக்காத வீடுகளை எடுக்கவென்று 2002 இல் மாநில அரசே ஒரு கம்பனியை உருவாக்கியது. பிரித்தானியாவில் 2016 இலிருந்து வெள்ள அபாய வீடுகளின் பாரத்தை எல்லாக் கம்பனிகளும் ஒரு பொது நிதியத்துக்குக் காசு கட்டிப் பகிர்ந்துகொள்கின்றன.

எங்களிடமும் வித்து ஒன்று இருக்கிறது. தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் 2016 இல் ஓர் அனர்த்தக் காப்புறுதித் திட்டத்தைத் தொடங்கியது, வீடொன்றுக்கு 25 இலட்சம் வரை, வீட்டுக்காரர் கட்டணம் கட்டத் தேவையிருக்கவில்லை. அரசே நாடு முழுவதற்கும் காப்புறுதி எடுக்கலாம் என்று அது காட்டியது. 1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பை அடித்த சூறாவளியில் ஏறத்தாழ ஆயிரம் பேர் இறந்து, இரண்டரை இலட்சம் வீடுகள்வரை சேதமானபோது, நாட்டின் காப்புறுதி வியாபாரம் முழுவதும் அரச கூட்டுத்தாபனத்தின் கையில் இருந்தது. அப்போது எங்கள் கிடுகு வீடுகளைக் காப்புறுதி செய்ய யாரும் நினைக்கவில்லை. இன்றைக்குக் கல்வீடும் இருக்கிறது, கடனும் இருக்கிறது. தனியார் கம்பனி தன் இலாபத்தைப் பார்ப்பதைக் குறை சொல்லிப் பயனில்லை. அனர்த்தத்துக்காகக் கிளைம் எடுத்த வீட்டுக்கு ஒரு வருடமாவது புதுப்பிப்பை மறுக்கக்கூடாது, மறுப்பதானால் காரணத்தோடு இரண்டு மாதத்துக்கு முன்பே தமிழிலும் அறிவிக்க வேண்டும் என்ற விதியை ஆணைக்குழுதான் கொண்டுவர வேண்டும்.

அதுவரை, உங்கள் பத்திரத்தை எடுத்து அது முடியும் திகதியைப் பாருங்கள். நவம்பரிலோ டிசம்பரிலோ முடிந்தால், ஆவணிக்குள் கம்பனியோடு பேசுங்கள். வளிமண்டலவியல் திணைக்களம் புயல் எச்சரிக்கை விட்ட பிறகு புதிதாக ஒரு வீட்டை எடுக்க எந்தக் கம்பனியும் முன்வராது.