கரிக்குள் இல்லாத புகை

ஸ்ரீரங்கத்து உத்தர வீதி வீட்டில் பாட்டி இருந்தவரை குமுட்டி என்ற கரியடுப்பும் இருந்தது. சமையல் முடிந்து மிஞ்சும் தணலில் கத்திரிக்காயைப் புரட்டிப் புரட்டிச் சுடுவாள். அந்தக் கொத்சு வெண்பொங்கலுக்கு வந்தால் கூடம் முழுக்க மணக்கும். இப்போது நாங்கள் இருப்பது அம்மா மண்டபம் பக்கம், மூன்றாவது மாடியில். முற்றம் இல்லை, குமுட்டி இல்லை. காந்தி மார்க்கெட் கத்திரிக்காயும் புளியும் பெருங்காயமும் மாறவில்லை. ஆனால் வாணலியில் வதக்கிச் செய்தால் அந்த மணம் எட்டிப் பார்ப்பதில்லை. அது எதிலிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினேன். கரியிலிருந்து என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

கரியில் புகை மணம் கிடையாது. இதற்குச் சாட்சி தெருமுனை இஸ்திரி வண்டி. பெட்டி நிறையத் தணலோடு நாள் முழுக்கத் தேய்க்கிறார். வீட்டுக்கு வரும் சட்டையில் புகை வாடை வீசுகிறதா? ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் சீமைக் கருவேல விறகை அடுக்கி, மண்ணால் மூடி, காற்று அதிகம் புகாமல் நாள்கணக்கில் கனியவிடுவார்கள். கரிமூட்டம் என்பது அதுதான். மரத்தின் மணமெல்லாம் அங்கேயே புகையாக வெளியேறிவிடுகிறது. மூட்டையில் கட்டி நமக்கு வந்து சேர்வது, மணத்தை முன்பே விட்டுவிட்ட மரம்.

அப்படி மரத்திலிருந்து என்னதான் வெளியேறுகிறது? மரத்தில் மூன்று பொருள்கள் முக்கியம்: செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின். முதல் இரண்டும் சர்க்கரை மூலக்கூறுகளின் நீண்ட சங்கிலிகள். மூன்றாவது, அந்த நார்களைப் பிணைத்து மரத்தை நிமிர்ந்து நிற்கவைக்கும் இயற்கைப் பசை. காற்று போதாத இடத்தில் சூட்டால் மட்டுமே ஒரு பொருள் உடைவதை வெப்பச்சிதைவு என்பார்கள். அப்படி உடையும்போது சர்க்கரைச் சங்கிலிகள் காய்ச்சிய வெல்லத்தை நினைவூட்டும் இனிய வாசனைகளைத் தருகின்றன. சுமார் 300, 400 டிகிரியில் லிக்னின் உடைந்து குவையகால், சிரிங்கால் என்ற பீனால் வகைச் சேர்மங்கள் பிறக்கின்றன. ‘புகை வாசனை’ என்று நம் மூக்கு சொல்வது பெரும்பாலும் இந்த இரண்டையும்தான்.

இவற்றை உணர்வதில் நம் மூக்குக்கு இருக்கும் கூர்மை பிரமிக்க வைக்கிறது. 10,000 லிட்டர் தண்ணீர் லாரியில் குவையகால் ஒன்றிரண்டு சொட்டு கலந்தாலே போதும், அந்தத் தண்ணீரில் புகை வாடையை உணர முடியும்.

இந்தச் சேர்மத்தின் குடும்பத்தைப் பார்த்தபோது எனக்குப் பிடிபடாத சந்தோஷம். வறுத்த காபிக்கொட்டையின் மணத்தில் குவையகால் உண்டு. கிராம்புக்கு மணம் தரும் யூஜெனாலும், ஐஸ்கிரீமுக்கு மணம் தரும் வெனிலினும் இதே குவையகால் சட்டத்தில் ஒரு கிளை கூடுதலாக ஒட்டியவை. காலையில் டிகாக்ஷன் இறங்கும்போது வீசும் வாசனைக்கும் பாட்டியின் குமுட்டிக்கும் இப்படி ஒரு ரத்த சம்பந்தம்!

இனி கேஸ் அடுப்புக்கு வருவோம். 14.2 கிலோ சிலிண்டருக்குள் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும். இரண்டிலும் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே. நீலமாக எரிந்தால் கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் மாறிவிடுகின்றன. எரிவாயுவுக்கென்று சொந்த மணம்கூட இல்லை. கசிந்தால் தெரியவேண்டும் என்று எத்தில் மெர்காப்டனைச் சேர்க்கிறார்கள். லிக்னின் இல்லாத நெருப்பில் புகை மணத்தை எதிர்பார்ப்பது வீண்.

ஆனால் கத்திரிக்காய் தன் விறகைத் தானே சுமந்து வருகிறது. அதன் தோல்தான் விறகு. எண்ணெய் தடவி நேராகத் தீயில் வைத்தால் தோல் சில நூறு டிகிரிக்கு ஏறிக் கருகுகிறது. கருகும் தோலே புகையும் தருகிறது. காய்க்குள் பீனால் சேர்மங்களும் நிறைய. நறுக்கிவைத்த கத்திரிக்காய் கறுப்பது அவற்றால்தான். இத்தனை சூட்டிலும் சதை கருகாமல் இருப்பதற்குத் தண்ணீர் காரணம். 100 கிராம் கத்திரிக்காயில் 92 கிராம் போலத் தண்ணீர். அறைச் சூட்டில் இருக்கும் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப்போல ஏழு மடங்குக்கும் மேல் தேவை, அதை ஆவியாக்க. அந்த நீர் தீரும்வரை சதை 100 டிகிரியைத் தாண்டாது. வெளியே சுடுகாய், உள்ளே அவித்த காய். நடுவில் காகிதம்போல ஒரு தோல். அங்கங்கே கத்தியால் குத்திவிடுங்கள், இல்லாவிட்டால் நீராவி வெடித்துக் கிளம்பும்.

தோல் இல்லாத பனீருக்கும் தோலுரித்த உருளைக்கிழங்குக்கும் தயிர்ப் பச்சடிக்கும் என்ன வழி? வடக்கே துங்கார் என்று ஒரு முறை இருக்கிறது. எலுமிச்சை அளவுக் கரித்துண்டு ஒன்றைத் தீயில் வைத்துச் சிவக்க விடுவார்கள். சின்னக் கிண்ணத்தில் அதை எடுத்துப் பாத்திரத்தின் நடுவில் வைத்து, ஒரு ஸ்பூன் நெய் விட்டு, உடனே மூடிவிடுவார்கள். நெய் 250 டிகிரி வாக்கிலேயே புகையத் தொடங்கும். தணலோ 600 டிகிரிக்கும் மேல். சொட்டு விழுந்த கணத்தில் கொழுப்பு சிதறி நூற்றுக்கணக்கான மணச் சேர்மங்களாகிறது. வெளிநாட்டு பார்பெக்யூவிலும் இதே கதைதான்: இறைச்சியின் கொழுப்பு கரிமேல் சொட்டிப் புகையாகி, மீண்டும் இறைச்சிக்கே ஏறுகிறது. மரத்தின் மணமும் வேண்டுமென்றால் தணல்மேல் ஒரு கிராம்பு. யூஜெனால் எழும்பி வரும்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்ததும் அத்தைகள் செய்தது இதையேதான். தூபக்காலில் தணல், அதன்மேல் சாம்பிராணிப் பொடி, மேலே கவிழ்த்த மூங்கில் கூடை, கூடைமேல் விரித்த ஈரக் கூந்தல். நெய்க்குப் பதில் சாம்பிராணி, பாத்திர மூடிக்குப் பதில் கூடை!

அந்த ஈரத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் புகை, முடியின் தடிமனில் எழுபதில் ஒரு பங்குகூட இல்லாத துளிகளின் கூட்டம். மணம் பெரும்பாலும் அதில் இல்லை. கூடவே வரும் கண்ணுக்குப் புலப்படாத ஆவியில் இருக்கிறது. ஈரப் பரப்பு கிடைத்தால் அந்த ஆவி அதில் கரைந்து தங்கும். கொழுப்பு இருந்தால் இன்னும் விருப்பமாகத் தங்கும். துளிகளுக்கும் ஒரு குணம் உண்டு. சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கம் தள்ளப்படும்; இதற்கு வெப்பப்பெயர்ச்சி என்று பெயர். விளக்கு மாடத்துச் சுவர் கறுப்பதில் இதற்கும் பங்குண்டு. ஆகவே கொதிக்கக் கொதிக்க இருக்கும் பண்டத்தைவிட, சற்று ஆறி, ஈரமும் நெய்யும் மினுங்கும் பண்டமே புகையை நன்றாகப் பிடிக்கும். மூன்று முதல் ஐந்து நிமிடம் போதும். அதற்குமேல் விட்டால் கசப்பு ஏறும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். கனலும் கரி கார்பன் மோனாக்சைடை வெளியிடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். ஆகவே ஒரே ஒரு துண்டுக் கரி, திறந்த ஜன்னல், ஓடும் எக்ஸாஸ்ட் விசிறி. வேலை முடிந்ததும் தணலைத் தண்ணீரில் போட்டு அணைத்துவிடுங்கள். கரிச்சட்டியை மூடிய அறைக்குள் மூட்டவே கூடாது. சுட்ட காயின் கருகிய தோலையும் உரித்துவிடுங்கள். நல்லதல்லாத சேர்மங்கள் தங்குமிடம் அது.

போன வாரம் கத்திரிக்காயைத் தீயில் சுட்டு, மசித்து, நெய்யும் கிராம்புமாக நான்கு நிமிடம் புகையேற்றி, பிறகு புளியில் கொதிக்கவிட்டேன். குவையகாலின் கொதிநிலை 205 டிகிரி. கொத்சின் கொதியில் அத்தனையும் பறந்துபோகாது என்ற தைரியம். மறுநாள் காலை குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்துச் சுடவைத்தபோது அம்மா கூடத்திலிருந்து எழுந்து வந்து, “யாரு குமுட்டி மூட்டினது?” என்று கேட்டாள்.