தன் பழுதைத் தானே நீக்கிக்கொள்ளும் புற்று

புற்றை அறிவோம் – 17

மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பர்க் 1965இல் கண்ட பிளாட்டினத்தின் ஆற்றல், 1978இல் சிஸ்பிளாட்டின் என்ற மருந்தாக அனுமதி பெற்றதைச் சென்ற வாரம் பார்த்தோம். அதன் வழிவந்த கார்போபிளாட்டினும், பக்லிடாக்செலும்தான் இன்றும் சினைப்பைப் புற்றுநோய்க்கு முதலில் தரப்படும் கீமோ மருந்துகள். பெரும்பாலான பெண்களுக்குக் கட்டி சுருங்குகிறது. ரத்தத்தில் புற்றின் அளவுக்குறியான சிஏ-125 புரதம் இறங்குகிறது. ஆனாலும் முற்றிய நிலையில் நோய் கண்டறியப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு அது திரும்பி வந்துவிடுகிறது. முன்பு கேட்ட மருந்து இப்போது ஏன் கேட்பதில்லை?

பிளாட்டினம், டிஎன்ஏ இழையில் அடுத்தடுத்து இருக்கும் எழுத்துகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடும். சில இடங்களில் இரண்டு இழைகளையும் சேர்த்தே பூட்டிவிடும். செல் பிரிய முயலும்போது அங்கே டிஎன்ஏ உடைகிறது. அந்த உடைப்பைப் பிழையின்றிச் சரிசெய்ய பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 மரபணுக்கள் வேண்டும். சினைப்பைப் புற்றில் அதிகம் காணப்படும் உயர்தர சீரஸ் வகைக் கட்டிகளில் ஏறக்குறைய பாதியில் இந்தப் பழுதுநீக்கும் ஏற்பாடு கெட்டிருக்கிறது என்று 2011இல் வெளியான அமெரிக்கப் புற்று மரபணுத்தொகுதி ஆய்வு காட்டியது. செல்லின் அந்தக் குறைதான் மருந்தின் பலம்.

2008இல் சியாட்டிலிலும் லண்டனிலும் இரு குழுக்கள் எதிர்பாராத ஒன்றைக் கண்டன. மரபணுவின் எழுத்துகள் மும்மூன்றாக வாசிக்கப்படுபவை. ஓர் எழுத்து விடுபட்டால் அதற்குப் பின்வரும் வாசிப்பு முழுதும் குலைந்து, புரதம் பாதியில் நின்றுபோகும். மருந்துக்கு மசியாத செல்களில், ஏற்கெனவே பழுதான பிஆர்சிஏ மரபணுவிலேயே இரண்டாவது பிறழ்வு ஒன்று சேர்ந்து, வாசிப்பை மீண்டும் ஒழுங்குக்குக் கொண்டுவந்திருந்தது. புரதம் வேலை செய்யத் தொடங்கியது. பிளாட்டினம் உண்டாக்கும் உடைப்பைச் செல் சரிசெய்துகொண்டது. பழுதுள்ள செல்கள் மருந்தில் மடிய, பழுது நீங்கியவை பிழைத்துப் பெருகின.

இது ஒரு வழிதான். டேவிட் பவ்டெல் தலைமையிலான ஆஸ்திரேலியக் குழு, 92 நோயாளிகளின் கட்டிகளில் முழு மரபணுத்தொகுதியையும் வாசித்து 2015இல் வெளியிட்ட ஆய்வு வேறு பல வழிகளையும் காட்டியது. ஒரு நோயாளியிடம், வேதிப்பூச்சால் அடங்கிக் கிடந்த பிஆர்சிஏ1 மீண்டும் விழித்திருந்தது. சிலரிடம் ஏபிசிபி1 மரபணு வேறொரு மரபணுவின் தூண்டுபகுதியோடு ஒட்டிக்கொண்டு, பக்லிடாக்செலைச் செல்லுக்கு வெளியே தள்ளும் புரதத்தை மிகுதியாக உற்பத்தி செய்தது. தொடக்கத்திலேயே மருந்துக்கு மசியாத கட்டிகளிலோ சிசிஎன்இ1 மரபணுவின் பிரதிகள் பெருகியிருப்பது பரவலாகக் காணப்பட்டது. ஒரே பெண்ணின் உடலில் பிஆர்சிஏ பழுது ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் பல இடங்களில் நீங்கியிருந்ததும் உண்டு. ஆகவே, எதிர்ப்புக்கு எல்லோருக்கும் பொதுவான ஒற்றைக் காரணம் கிடையாது.

சிகிச்சையை இந்த அறிவுதான் மாற்றிவருகிறது. 2014இல் அனுமதி பெற்ற ஓலபாரிப் என்ற மருந்து அதே பிஆர்சிஏ குறையைத்தான் நம்பியிருக்கிறது. குறை நீங்கினால் அதுவும் பலனிழக்கும். அதனால் அதை முன்கூட்டியே தருவது முக்கியம். பிஆர்சிஏ பிறழ்வு உள்ளவர்களுக்கு முதல் கீமோ முடிந்ததும் ஓலபாரிப் தந்தபோது, நோய் முற்றும் அல்லது உயிரிழக்கும் ஆபத்து 70% குறைந்ததை 2018இல் வெளியான சோலோ-1 ஆய்வு நிறுவியது. மிர்வெடக்சிமாப் சொராவ்டான்சின் வேறு வாசல் வழியாக நுழைகிறது. செல்லின் மேற்பரப்பில் ஃபோலேட் ஏற்பி மிகுந்த கட்டிகளைத் தேடிச்சென்று நஞ்சைச் சேர்க்கும் இம்மருந்து, பிளாட்டினத்துக்கு மசியாத நோயாளிகளின் ஆயுளை நீட்டித்ததால் 2024இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்றது.

நோய் திரும்பினால் நோயாளியோ குடும்பமோ தங்களை நொந்துகொள்ள வேண்டாம். உணவிலோ மனவுறுதியிலோ நேர்ந்த குறையல்ல அது. செய்யவேண்டியது வேறு. சினைப்பைப் புற்று உறுதியானவுடனேயே, வயது என்ன, குடும்பத்தில் யாருக்கும் இருந்ததா என்று பாராமல், பிஆர்சிஏ பரிசோதனையைக் கேட்டுப் பெறுங்கள். பிறழ்வு பரம்பரையாக வந்தது என்று தெரிந்தால், உடன்பிறந்தவர்களுக்கும் மகன், மகள்களுக்கும் அது இருக்க 50% வாய்ப்புண்டு. அவர்களும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். நோய் திரும்பினால், புதிய மருந்தைத் தொடங்கும் முன் கட்டியை மீண்டும் பரிசோதிக்கலாமா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

(தொடரும்)