நானூற்று இருபத்தொன்பது கோடிச் சொச்சம்

(மூன்றாம் ஆண்டு, கணிதம்)

2-ஐ எழுதுங்கள். அதன் வர்க்கம் 4. அதன் வர்க்கம் 16. இப்படியே வர்க்கத்தின் வர்க்கமாகப் போனால் 256, 65536, 4294967296 என்று வரும். ஒவ்வொன்றுடனும் 1 கூட்டுங்கள். 3, 5, 17, 257, 65537 என முதல் ஐந்தும் பகா எண்கள். ஆறாவதாகிய 4294967297-தான் என்னை விடுதியில் மூன்று இரவுகள் உறங்கவிடாமல் செய்தது.

பிரெஞ்சு நாட்டில் நீதிமன்ற அலுவல் பார்த்துக்கொண்டே கணிதத்தில் திளைத்த ஃபெர்மா, இவ்வரிசையில் வருபவை யாவும் பகா எண்களே என்று தாம் நம்புவதாக 1640-இல் கடிதம் எழுதினார். நிரூபணம் தம்மிடம் இல்லை என்பதை அவர் மறைக்கவில்லை. நானும் 3, 7, 11, 13 என்று பகா எண்களாக வகுத்துக்கொண்டே போனேன். 700-ஐத் தாண்டியதும் கை ஓய்ந்தது. கணித மன்றக் கூட்டத்தில், "இது பகா எண்ணே" என்று அடித்துப் பேசிவிட்டேன்.

பேராசிரியர் மறுத்துப் பேசவில்லை. கரும்பலகையில் 641 என்று எழுதிச் சாக்பீஸை என்னிடம் நீட்டினார். அத்தனை பேர் முன்னிலையில் வகுத்தேன். ஈவு 6700417, மீதி பூச்சியம்! அறைக்கு ஓடி நோட்டைப் புரட்டினால், 641-க்கு நேரே மீதி 359 என்று இருக்கிறது. 2672-இல் 2564-ஐக் கழிக்கையில் கடன் வாங்கியதை மறந்து, 108-க்குப் பதில் 118 என்று எழுதியிருக்கிறேன். ஃபெர்மா எங்கே சறுக்கினாரோ, என் சறுக்கல் இதுதான்.

1729-இல் கோல்ட்பாக் கடிதம் எழுதிக் கேட்க, 1732-இல் இந்த 641-ஐ வெளியிட்டவர் ஆய்லர். பகா எண்களின் வரிசையில் அது 116-ஆவது. ஆனால் அத்தனையையும் வகுக்க வேண்டியதில்லை. இவ்வெண்ணின் பகாக் காரணி எதுவாயினும் 64-இன் மடங்கைவிட 1 கூடுதலாகவே இருக்கும் என்பது ஆய்லர் நிறுவிய விதி. அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது வகுத்தலிலேயே முடிந்துவிடுகிறது! 1878-இல் லூக்கா, 64-க்குப் பதில் 128 என்றே கொள்ளலாம் எனக் காட்டினார். அப்போது மிஞ்சுபவை 257, 641 இரண்டே. எனக்கோ மூன்று இரவுகள்!

வகுக்காமலே காணவும் வழியுண்டு. 641 = 5 × 128 + 1. ஆகவே 5 × 128 என்பது 641-ஐவிட 1 குறைவு. அதன் நான்காம் அடுக்கோ 641-இன் ஏதோவொரு மடங்கைவிட 1 கூடுதல். அந்த அடுக்கை 625 × (2-இன் 28-ஆம் அடுக்கு) என எழுதலாம். 625 = 641 − 16 அல்லவா? எனவே 625 இருக்குமிடத்தில் −16-ஐப் போட்டாலும் மீதி மாறாது. 16 என்பது 2-இன் நான்காம் அடுக்கு. ஆக, 2-இன் 32-ஆம் அடுக்கைக் குறைக்குறியுடன் எடுத்தால் மீதி 1. அதனுடன் 1 கூட்டினால் 641 மீதியின்றி வகுக்கும். அந்த 32-ஆம் அடுக்குத்தான் 4294967296.

65537-க்குப் பிறகு இவ்வரிசையில் இன்றுவரை ஒரு பகா எண்கூட அகப்படவில்லை. மற்றொரு காரணியான 6700417-உம் பகா எண்ணே. லூக்காவின் விதி அதற்கும் பொருந்துகிறதா என்று நண்பர்கள் வகுத்துப் பார்க்கலாம். கடன் வாங்கும்போது மட்டும் சற்றுக் கவனம்.