போலீஸுக்கு முன்னால மருத்துவமனைக்குப் போகலாம்... கல்லூரி மாணவிகள் தெரிஞ்சுக்க வேண்டியவை!

'நீலிக் கண்ணீர் வடிக்காதே'ன்னு எத்தனை முறை கேட்டிருப்போம்! அந்த நீலியின் ஊர், திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பழையனூர். கதையை முழுசா கேட்டா, அவள் கணவன் கையால் கொல்லப்பட்டவள். அதை மறந்துட்டோம். ஒரு பெண்ணின் அழுகையைப் பொய்னு சொல்றதுக்கு மட்டும் அவள் பெயரை வெச்சுக்கிட்டோம்.

பாலியல் வன்முறைக்கு ஆளான மாணவி வாயே திறக்காமல் இருப்பதற்கு முதல் காரணம், 'யார் நம்புவாங்க?' என்ற இந்தப் பயம்தான். ஆனா, சிகிச்சை பெற நீங்க யாரையும் நம்பவைக்க வேண்டியதில்லை.

அரசு மருத்துவமனையோ, தனியாரோ... இலவசமா, உடனே சிகிச்சை கொடுத்தாகணும். மறுத்தால், பாரதிய நியாய சன்ஹிதா 200-வது பிரிவின்படி ஓராண்டு வரை சிறை. திருவாலங்காட்டுப் பக்கம் இருப்பவர்கள் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். ஹெச்.ஐ.வி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கணும். கருத்தடை மாத்திரையும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. முடிந்தால் குளிக்காமல் போங்க. உடுத்தியிருந்த துணியை பிளாஸ்டிக் கவரில் போடாமல், காகிதப் பையில் எடுத்துட்டுப் போங்க. குளிச்சாச்சா? பரவாயில்லை, அப்பவும் போங்க.

மருத்துவமனை போலீஸுக்குத் தகவல் சொல்லும், அது சட்டம். ஆனா, தடயம் எடுக்கும் உடல் பரிசோதனைக்கு உங்க சம்மதம் வேணும். வேண்டாம்னு சொன்னாலும் சிகிச்சையை நிறுத்த முடியாது. 'இரு விரல் பரிசோதனை' செய்யவே கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் 2022-ல் கண்டிப்பா சொல்லிடுச்சு. 18 வயது நிரம்பாத முதலாண்டு மாணவின்னா போக்சோ சட்டம் வரும். அங்கே விஷயம் தெரிந்தவர்கள் போலீஸுக்குச் சொல்லியே ஆகணும்.

புகார் கொடுக்க முடிவு பண்ணிட்டா, 'இது எங்க எல்லை இல்லம்மா'ன்னு எந்த ஸ்டேஷனும் திருப்பி அனுப்ப முடியாது. சம்பவம் ஆந்திராவில் இருக்கும் நகரியில் நடந்திருந்தாலும், திருத்தணியிலேயே 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்' போடலாம். அதைப் பதிவுசெய்வது பெண் அதிகாரியா இருக்கணும். நகல் இலவசம்.

'பெயர் வெளியே வந்துட்டா?' நியாயமான பயம்தான். 2024 டிசம்பர் 23-ம் தேதி இரவு, அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவி தாக்கப்பட்டார். புகார் கொடுத்த பிறகு, அவரது விவரங்களோடு எஃப்.ஐ.ஆரே இணையத்தில் கசிந்தது. அடையாளத்தை வெளியிடுவதே தனிக் குற்றம். சென்னை உயர் நீதிமன்றம் 3 பெண் ஐ.பி.எஸ் அதிகாரிகள் கொண்ட விசாரணைக் குழுவை அமைத்து, அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரச் சொன்னது. கட்டணம் வாங்காமல் படிப்பை முடிக்க விடணும்னு பல்கலைக்கழகத்துக்கும் உத்தரவிட்டது. 2025 ஜூன் 2-ல் குற்றவாளிக்கு 30 ஆண்டுகளுக்குக் குறையாத ஆயுள் தண்டனை. ஆறு மாதம்கூட ஆகலை. எல்லா வழக்கும் இந்த வேகத்தில் போகாது என்பதும் உண்மை.

அடுத்து கல்லூரி. யு.ஜி.சி-யின் 2015 விதிகளின்படி எல்லாக் கல்லூரியிலும் உள்ளகப் புகார்க் குழு இருக்கணும். மாணவர் புகார்னா, தேர்தலில் தேர்வான 3 மாணவர்களும் அதில் உட்காரணும். (உங்க காலேஜ்ல அப்படி ஒரு தேர்தல் நடந்த ஞாபகம் இருக்கா?) 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுங்க. விசாரணை நடக்கும்போது விடுப்பு கேட்கலாம். மாணவர்களும் திருநர்களும்கூட இங்கே புகார் செய்யலாம். 'வெளியே போகாம நாமளே பேசி முடிச்சுக்கலாம்'னு யாராவது சொன்னால் ஒத்துக்காதீங்க. போலீஸுக்குப் போக உங்களுக்கு உதவுவதும் அந்தக் குழுவோட வேலைதான்.

போனில் சேவ் பண்ணிக்கோங்க: அவசரத்துக்கு 112. பெண்கள் உதவி எண் 181. தங்குமிடம், கவுன்சலிங், சட்ட உதவி எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும் 'சகி' மையத்துக்கு இவங்களே வழிகாட்டுவாங்க. இலவச வக்கீலுக்கு 15100. ராத்திரி தூக்கம் வராமல் மனசு அலைபாய்ந்தால் 14416, தமிழிலேயே பேசலாம்.

உங்க தோழி உங்ககிட்ட வந்து சொன்னால், 'அந்நேரத்துக்கு அங்கே ஏன்டி போனே?'ன்னு மட்டும் கேட்காதீங்க. 'சாப்பிட்டியா? ஆஸ்பத்திரிக்கு நானும் கூட வரேன்'னு சொல்லுங்க. அவங்க அப்பா அம்மாவுக்கு போன் போடுறதுக்கு முன்னாடி, அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.