அடுப்பெரிக்கும் செலவைக் குறைக்க வழி: விறகா, சிலிண்டரா, சாண எரிவாயுவா?

‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்பது பழமொழி. விதைக்கும் உரத்துக்கும் கணக்கு எழுதி வைக்கும் விவசாயிகளில் பலர் அடுப்பில் போடுவதை அளப்பதில்லை. சிலிண்டருக்குக் கொடுக்கும் பணம் கண்ணுக்குத் தெரிகிறது. விறகு பொறுக்கப் போகும் நேரமும், வரட்டியாக எரிந்து போகும் எருவும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

வீட்டு விளக்குக்கான மின்சாரத்தை மின்வாரியத்திடம்தான் வாங்கியாக வேண்டும். அடுப்பெரிப்பதில் அந்தக் கட்டாயம் இல்லை. விறகு, வரட்டி, சிலிண்டர், சாண எரிவாயு என்று நான்கு வழிகள் உள்ளன. எது தம் குடும்பத்துக்கு மலிவு என்று கணக்குப் பார்த்து மாறிக்கொள்வது விவசாயியின் கையில்தான் இருக்கிறது.

சூட்டை வைத்து ஒப்பிட வேண்டும்

ஒரு கிலோ விறகின் விலையையும் ஒரு கிலோ எரிவாயுவின் விலையையும் அப்படியே ஒப்பிடுவது தவறு. எரிபொருளில் உள்ள சூடு முழுவதும் பாத்திரத்துக்குப் போய்ச் சேருவதில்லை. விறகடுப்பில் ஆறில் ஒரு பங்கு சூடுதான் பாத்திரத்தில் ஏறுகிறது. வரட்டியில் ஒன்பதில் ஒரு பங்கு. எரிவாயு அடுப்பில் பாதிக்கு மேல் பயன்படுகிறது.

பாத்திரத்தில் ஏறும் சூட்டைக் கணக்கிட்டால், ஒரு கன மீட்டர் சாண எரிவாயு செய்யும் வேலைக்கு மற்ற எரிபொருள்கள் தேவைப்படும் அளவு வருமாறு:

விறகு – 3.5 கிலோ
வரட்டி – 12.3 கிலோ
சிலிண்டர் எரிவாயு – 0.43 கிலோ

இதன்படி 14.2 கிலோ எரிவாயு உள்ள ஒரு சிலிண்டர், சுமார் 114 கிலோ காய்ந்த விறகுக்குச் சமம். திறந்த மூன்று கல் அடுப்பாக இருந்தால் இன்னும் கூடுதலான விறகு வேண்டும்.

விறகு வாங்குவோர்க்கு ஓர் எளிய கணக்கு

சிலிண்டர் வீடு வந்து சேரும் விலையை 114 ஆல் வகுக்க வேண்டும். வரும் தொகையைவிட விறகின் கிலோ விலை கூடுதலாக இருந்தால் விறகு நட்டம். எடுத்துக்காட்டாக, சிலிண்டர் 912 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கிலோவுக்கு 8 ரூபாய் வரும். அதற்கு மேல் விலை கொடுத்து விறகு வாங்குவதைவிட சிலிண்டரே மலிவு.

விறகு நன்கு காய்ந்ததாக இருந்தால்தான் இந்தக் கணக்கு பொருந்தும். பச்சை விறகின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே பெருமளவு சூடு வீணாகும். மழைக்கு முன்பே விறகை வெட்டி, பிளந்து, கூரையின் கீழ் அடுக்கிவைப்பது நலம்.

வேலியில் வெட்டும் சீமைக்கருவேல், பருத்திமார், துவரைமார், தென்னை மட்டை போன்றவை காசில்லாமல் கிடைக்கின்றன. ஆனால் அவற்றை வெட்டிக் கொண்டுவர வாரத்தில் ஒரு நாள் போகுமானால், அந்த நாளின் கூலியையும் விறகுச் செலவில் சேர்க்க வேண்டும். பெண்களின் கண்ணையும் மூச்சையும் கெடுக்கும் புகைக்கு விலை போட முடியாது. விறகையே நம்பியிருப்போர் புகைபோக்கி வைத்த புகையில்லா அடுப்பையாவது அமைத்துக்கொள்ள வேண்டும்.

சிலிண்டர் வாங்குவோர் கவனத்துக்கு

2014 ஆம் ஆண்டு முதல் சிலிண்டர் வாங்கும் முகவரையோ நிறுவனத்தையோ மாற்றிக்கொள்ள வசதி செய்யப்பட்டுள்ளது. சிலிண்டர் காலத்தில் வராவிட்டால் இதைப் பயன்படுத்தலாம். பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களின் வீட்டுச் சிலிண்டர் விலை ஓர் ஊரில் ஒன்றாகவே இருப்பதால், நிறுவனத்தை மாற்றுவதால் பணம் மிச்சமாகாது.

மிச்சம் பிடிக்க வேறு வழிகள் உண்டு. கிடங்குக்கு நேரில் சென்று எடுத்தால் வீட்டில் கொண்டுவந்து தருவதற்கான தொகையைக் கழித்துத் தர வேண்டும். காலிச் சிலிண்டரின் எடை அதன் மேலேயே எழுதப்பட்டிருக்கும். அதனுடன் 14.2 கிலோ கூட்டினால் வரும் எடை இருக்கிறதா என்று நிறுத்துக் காட்டச் சொல்லிப் பெற வேண்டும். பயறு வகைகளை முன்னதாக ஊறவைத்துச் சமைப்பதும், பாத்திரத்தை மூடி வேகவைப்பதும் எரிவாயுவைச் சேமிக்கும்.

வரட்டியில் போகும் செல்வம்

ஈரச் சாணம் 25 கிலோ, சாண எரிவாயுக் கலனில் ஒரு கன மீட்டர் வாயு தரும். அதே சாணத்தைத் தட்டிக் காயவைத்தால் ஐந்தாறு கிலோ வரட்டிதான் கிடைக்கும். ஒரு கன மீட்டர் வாயுவின் வேலையைச் செய்ய 12 கிலோவுக்கு மேல் வரட்டி வேண்டும் என்று மேலே கண்டோம். ஆகவே ஒரே சாணம், வரட்டியாக எரிவதைவிட வாயுவாக எரியும்போது இரண்டு மடங்குக்கு மேல் சூடு தருகிறது.

அத்துடன், வரட்டியை எரித்தால் சாணத்தின் தழைச்சத்து காற்றோடு போய்விடும். கலனிலிருந்து வெளிவரும் சாணக் கரைசலிலோ அது தங்கிவிடுகிறது. நாள்தோறும் 50 கிலோ சாணம் இடும் கலனிலிருந்து ஓர் ஆண்டில் வெளிவரும் கரைசலில், ஏறக்குறைய இரண்டு மூட்டை யூரியாவில் உள்ள அளவு தழைச்சத்து இருக்கும். கரைசலை வெயிலில் காயவிட்டால் ஒரு பகுதி வீணாகும். பாசன நீருடன் கலந்து விடுவதோ, குப்பைக் குழியில் இலை தழைகள் மேல் ஊற்றி மக்கவைப்பதோ நல்லது.

யார் கலன் கட்டலாம்?

கட்டிப்போட்டு வளர்க்கும் ஒரு மாடு நாளொன்றுக்குச் சுமார் 10 கிலோ சாணமிடும். எருமையாக இருந்தால் 15 கிலோ வரை கிடைக்கும். சமையலுக்கு ஆள் ஒன்றுக்கு நாளொன்றுக்குக் கால் கன மீட்டர் வாயு தேவை.

ஐந்து பேர் உள்ள குடும்பத்தில் மூன்று மாடுகள் இருப்பதாகக் கொள்வோம். 30 கிலோ சாணத்திலிருந்து 1.2 கன மீட்டர் வாயு வரும். அது அந்தக் குடும்பத்தின் சமையலுக்குப் போதும். அவர்கள் ஒரு கன மீட்டர் கலனைக் கட்டி, சிறு குறைவைச் சிலிண்டரால் ஈடுசெய்யலாம். அதே மாடுகள் பகலெல்லாம் மேய்ச்சலுக்குப் போனால் பாதிச் சாணம் காட்டிலேயே விழுந்துவிடும். அப்போது பாதிச் சமையலுக்குத்தான் வாயு கிடைக்கும்.

இரண்டு மாடுகளுக்குக் குறைவாக உள்ளவர்களும், கோடையில் மாட்டுக்கே தண்ணீர் தட்டுப்படும் இடத்தில் இருப்பவர்களும், நாள்தோறும் சாணம் கரைத்து ஊற்ற ஆளில்லாதவர்களும் கலன் கட்டி ஏமாற வேண்டாம். சாணம் குறைவாக இருக்கப் பெரிய கலனைக் கட்டுவதே பல கலன்கள் பாழாகக் காரணம். கையில் உள்ள சாணத்தை ஒரு வாரம் நிறுத்துப் பார்த்த பிறகே அளவை முடிவு செய்ய வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

காதி கிராமத் தொழில் ஆணையத்தின் மிதக்கும் கொப்பரை மாதிரி பழமையானது. இரும்புக் கொப்பரைக்கு அவ்வப்போது வர்ணம் பூச வேண்டும். 1984 இல் வந்த தீனபந்து மாதிரி செங்கல், சிமெண்டால் தரைக்குள் கட்டப்படுவதால் செலவு குறைவு. ஆனால் இதில் பழகிய கொத்தனாரே கட்ட வேண்டும். கூரையில் மயிரிழை விரிசல் இருந்தாலும் வாயு நிற்காது.

கலன் மாட்டுக் கொட்டகைக்கும் அடுப்படிக்கும் அருகில், வெயில் படும் மேட்டு இடத்தில், குடிநீர்க் கிணற்றுக்கு 15 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். சாணமும் தண்ணீரும் சம அளவு கலந்து, வைக்கோலும் மணலும் நீக்கி ஊற்ற வேண்டும். சோப்புத் தண்ணீரும் பினாயிலும் கலந்தால் வாயு உண்டாக்கும் நுண்ணுயிர்கள் மடிந்துவிடும். மார்கழி, தைக் குளிரில் வாயு குறைவது இயல்பு.

முதலில் வரும் வாயுவில் காற்று கலந்திருக்கும். அதைப் பற்றவைக்காமல் வெளியேற்றிவிட வேண்டும். கசிவைச் சோப்பு நுரை தடவித்தான் பார்க்க வேண்டும். தீக்குச்சி கிழித்துப் பார்ப்பது ஆபத்து. சிலிண்டர் அடுப்பு இதற்குப் பொருந்தாது. சாண எரிவாயுவுக்கென்று உள்ள அடுப்பையே வாங்க வேண்டும்.

முடிவு செய்வது எப்படி?

கலன் கட்டுவதற்கு முன் ஓராண்டில் எத்தனை சிலிண்டர் மிச்சமாகும் என்று கணக்கிட வேண்டும். 820 கிலோ ஈரச் சாணம் ஒரு சிலிண்டருக்குச் சமம். மிச்சமாகும் தொகையிலிருந்து ஆண்டுப் பராமரிப்புச் செலவைக் கழித்து, மீதியால் கலனின் விலையை வகுத்தால் போட்ட பணம் எத்தனை ஆண்டில் திரும்பும் என்பது தெரியும். ஐந்தாண்டுக்குள் திரும்புமானால் தயங்காமல் கட்டலாம். மானியம் பற்றி ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் விசாரித்து, ஒப்புதல் பெற்ற பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

கலன் வந்தாலும் சிலிண்டர் இணைப்பை விட்டுவிட வேண்டாம். மாடு விற்ற மாதத்திலும், விருந்தினர் வந்த நாளிலும் அது கைகொடுக்கும். நாளைக் காலை கொட்டகையில் அள்ளும் சாணத்தை ஒரு கூடை விடாமல் நிறுத்து எழுதத் தொடங்கினால், அடுத்த வாரமே எந்த அடுப்பு தம் வீட்டுக்கு ஏற்றது என்பதை விவசாயி தாமே முடிவு செய்துகொள்ளலாம்.